தீயில் குளிரும் பெட்டி

லாஸ் வேகஸில் ஒரு ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து, வேலி ஆஃப் ஃபயரைப் பார்த்து, ஸயான், பிரைஸ் கேன்யன் என்று யூட்டாவின் தென்மூலையைச் சுற்றிவிட்டு அரிசோனாவில் பேஜ் ஊர்வரை போவது திட்டம். ஜூன் மாதத் தொடக்கம். தம்பி ஓட்டினான். அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்திருந்த சித்தப்பா, நான். அந்தச் செம்பாறைகளின் அழகைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வண்டிக்குள் இருந்த ஃப்ரிட்ஜைப் பற்றி எழுத வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், கோடை விடுமுறையில் இப்படி வீட்டு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவர்களில் பலருடைய கைப்பையில் இன்சுலின் இருக்கிறது.

சித்தப்பாவின் பையிலும் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அதற்கு மேல் சூடு ஏறினால் மருந்தின் வீரியம் குறையும். உறைந்துபோனால் அதோடு சரி, தூக்கித்தான் போட வேண்டும். ஊரிலிருந்து வரும்போதே சில மாதத்துக்கானதைக் கொண்டுவந்திருந்தார். அதனால் எங்களுக்கு ஃப்ரிட்ஜ் என்பது ஜில்லென்று தண்ணீர் குடிக்கிற வசதி மட்டும் அல்ல.

வாடகைக்குக் கொடுத்த இடத்தில் கழிவுநீர்த் தொட்டி, ஜெனரேட்டர், படுக்கை, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டி முடித்தார்கள். ஃப்ரிட்ஜில் ஒன்றிலிருந்து ஐந்து வரை குளிர் அளவு உண்டு. ஐந்தில் வைத்தால் போதும் என்றார்கள். அதை அன்று காலையில்தான் ஓட விட்டிருந்தார்கள் என்பது தம்பி கேட்ட பிறகுதான் தெரிந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். ஆர்.வி. ஃப்ரிட்ஜுக்கு ஒரு முழு இரவு வேண்டும், சில நேரம் ஒரு நாளே ஆகும். முந்தின நாளே ஓட விட்டு, ஏற்கெனவே குளிர்ந்த சாமான்களை உள்ளே வைப்பதுதான் முறை.

வேலி ஆஃப் ஃபயர் நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. சாயங்கால வெயிலில் பாறைகள் கனன்றுகொண்டிருந்தன, காற்றே சூடாக அடித்தது. அட்லாட்ல் ராக் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பு உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். இரவில் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். வெறுமனே தட்டில் வைத்தால் கதவைத் திறந்த நொடியிலேயே எண் ஏறிவிடும். தண்ணீருக்குள் வைத்தால்தான் உள்ளே இருக்கும் பண்டத்தின் சூடு தெரியும். 54 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, அதாவது 12 செல்சியஸ். சாப்பாட்டுப் பண்டங்களுக்கு அமெரிக்கச் சுகாதாரத் துறைகள் சொல்லும் எல்லை 40 ஃபாரன்ஹீட். அதைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த இறைச்சி, பால், சமைத்த உணவு எதையும் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். வெளியில் 90 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கும். தம்பி மனைவி ஆட்டிக் கொண்டுவந்திருந்த இட்லி மாவு டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. புளித்த வாடை ஃப்ரிட்ஜ் முழுக்க. “அக்கா, ஐந்துலதான் இருக்கு. இதுக்கு மேல எண்ணே இல்ல” என்றான் தம்பி. சித்தப்பாவின் இன்சுலினை உடனே எடுத்து, டவலில் சுற்றி, ஐஸ் கட்டியில் நேராகப் படாதபடி ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம்.

இந்த ஃப்ரிட்ஜ் வேலை செய்யும் விதம் தெரியாமல் இதன் கோளாறும் புரியாது. இதில் கம்ப்ரஸர் கிடையாது, சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஒரு சிறு தீதான் குளிரை உண்டாக்குகிறது. பின்புறம் அடியில் ஒரு கொதிகுழாய். அதற்குள் தண்ணீரில் கரைந்த அமோனியா. அதைப் புரொப்பேன் கேஸ் சுடரோ மின் ஹீட்டரோ சூடாக்குகிறது. அமோனியா ஆவியாகி மேலே ஏறி, உச்சியில் உள்ள தகட்டுக் குழாய்களில் வெளிக்காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. அந்தத் திரவம் உறைபெட்டியின் பின்னால் வழிந்து வரும்போது அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கிறது. ஹைட்ரஜனோடு சேர்ந்ததும் அமோனியாவின் பங்குக்கான அழுத்தம் குறைந்து, குறைந்த வெப்பத்திலேயே அது ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை ஃப்ரிட்ஜின் உள்ளிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கீழே இறங்கித் தண்ணீரில் கரைந்து, பழையபடி கொதிகுழாய்க்குத் திரும்புகிறது. பம்ப் எதுவும் இல்லை. மேலே ஏற்றுவது சூடு, கீழே இறக்குவது புவியீர்ப்பு.

இந்த ஏற்பாட்டை 1922-இல் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள். 1925-இல் எலக்ட்ரோலக்ஸ் இதை வாங்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து, இதேபோல் சுழலும் பாகமில்லாத ஒரு ஃப்ரிட்ஜுக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. அது சமையலறைக்கு வரவில்லை, மாணவர்களுடையது வந்தது. ஓட்டல் அறைகளில் சத்தமே இல்லாமல் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ்களில் பல இந்த வகைதான். மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பூசியைக் காத்த மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜும் இதே வம்சம். நூறு ஆண்டு கழித்தும் நடுப் பாலைவனத்தில் கேஸ் சிலிண்டரை மட்டும் நம்பிப் பால் கெடாமல் வைத்திருக்க முடிகிறதே, அந்த இரண்டு மாணவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

சூட்டை வெளிக்காற்றுக்குத் தள்ளித்தான் உள்ளே குளிர வேண்டும் என்றால், வெளிக்காற்றே கொதிக்கும்போது என்ன செய்யும்? வெளியே இருக்கும் சூட்டைவிடச் சுமார் 40 ஃபாரன்ஹீட் வரைக்கும் உள்ளே குறைக்கலாம் என்பது ஆர்.வி.க்காரர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. நூறைத் தாண்டிய வெயிலில் இது திணறும். போதாக்குறைக்கு, எங்கள் வண்டியில் ஃப்ரிட்ஜ் இருந்த பக்கச் சுவர் மேற்கே பார்த்து நின்றது. சாயங்காலம் முழுக்க அந்தச் சுவரில் வெயில். காலையில் தம்பி வண்டியைத் திருப்பி நிறுத்தினான், சுவர் நிழலுக்கு வந்தது. அடுத்த நாள் விடிந்தபோது 46 டிகிரி. குறைந்திருந்தது, ஆனால் போதாது.

ஸயான் பூங்காவின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டுக்குப் போனபோது பக்கத்து இடத்தில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே குடியிருப்பவர். தம்பி விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டி மட்டமா நிக்குதா?” என்பதுதான். தம்முடைய ரசமட்டத்தை எடுத்துவந்து எங்கள் உறைபெட்டியின் தரையில் வைத்தார். வண்டியின் தரையில் வைத்துப் பார்க்காதீர்கள், ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கும் என்ற நிச்சயம் இல்லை என்றார். நீர்க்குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

பம்ப் இல்லாமல் தானே வழிந்து திரும்ப வேண்டிய திரவம், வண்டி சாய்ந்து நின்றால் குழாயின் பள்ளத்தில் தேங்கிவிடும். கொதிகுழாய்க்கு வரவேண்டியது வராது. பல மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரைதான் சாய்வு தாங்கும். ஓடும்போது பரவாயில்லை, குலுக்கலில் திரவம் அங்கே இங்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சாய்வாக நிறுத்தி மணிக்கணக்கில் ஓடவிட்டால்தான் ஆபத்து. கொதிகுழாய் வறண்டு சூடேறி, துருப் பிடிக்காமலிருக்க உள்ளே சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் கட்டி தட்டி, மெல்லிய குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் சரிசெய்ய முடியாது, குளிரூட்டும் பகுதி முழுவதையுமே மாற்ற வேண்டும். முன்பு யார் யாரோ இந்த வண்டியை எப்படி எப்படியோ நிறுத்தியிருப்பார்கள். அதை நினைக்கவே எங்களுக்குப் பதற்றமாக இருந்தது.

பெரியவர் வெளிப்பக்கத்தில் இருந்த கீழ் வென்டின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாகக் காட்டினார். மஞ்சள் தூள் எங்காவது படிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். குரோமேட் வெளியே கசிந்தால் மஞ்சளாகப் படியும். அமோனியா மூக்கில் ஏறும். அந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் உடனே அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். ஹைட்ரஜனும் கூடவே கசிகிறது, பக்கத்தில் சுடர் இருக்கிறது. எங்கள் வண்டியில் கசிவு இல்லை. ஆனால் குழாய்களுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. அது ஓர் அங்குலம் போல இருக்க வேண்டுமாம். கீழ் வென்ட் வழியாக நுழையும் காற்று குழாய்களை உரசிக்கொண்டு மேலே கூரை வென்ட் வழியாகப் போனால்தான் சூடு இறங்கும். இடம் அகலமாக இருந்தால் காற்று குழாயைத் தொடாமலே போய்விடுகிறது. சொந்த வண்டியாக இருந்தால் தகரத் தடுப்பு வைத்துக் காற்றைக் குழாய் பக்கம் திருப்புவார்கள், மேலே ஒரு சின்ன ஃபேன் பொருத்துவார்கள். வாடகை வண்டியில் நாங்கள் அப்படிக் கை வைக்க முடியாது. சக்கரத்தடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன் ஒன்றை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தோம். கதவு ரப்பரில் ஒரு டாலர் நோட்டை நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார் பெரியவர். இறுக்கிப் பிடித்தது, கதவில் குறையில்லை. தட்டுகளில் சாமான்களை இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னார், டப்பாக்களை நெருக்கினால் குளிர் காற்று இறங்காது.

பிறகு அவர் சொன்ன சோதனை எளிமையானது, என் மனதில் அப்படியே நிற்கிறது. ஓர் இரவு மின்சாரத்தில் மட்டும் ஓடவிடுங்கள், மறுநாள் இரவு கேஸில் மட்டும் ஓடவிடுங்கள். இரண்டிலும் குளிரவில்லையா, குழாய்ப் பகுதியிலோ காற்றோட்டத்திலோ குற்றம். ஒன்றில் மட்டும் குளிருகிறதா, மற்றதன் சூட்டில் குற்றம். நாங்கள் அப்படியே செய்தோம். மின்சாரத்தில் 41, கேஸில் 47. குழாய்ப் பகுதி நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் நிம்மதி வந்தது. பர்னரில்தான் ஏதோ கோளாறு.

ஸயானிலிருந்து கிழக்கே போகும் மலைச் சுரங்கப்பாதை 1930-இல் முடிந்தது, பெரிய வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. எனவே சீடார் சிட்டிக்கு வந்து 14-ஆம் எண் சாலையில் ஏறினோம். அது பத்தாயிரம் அடியை நெருங்கும் மலைப்பாதை. வழியில் ஓரிடத்தில் நிறுத்தியபோது ஃப்ரிட்ஜில் சிவப்பு விளக்கு, சுடர் அணைந்திருந்தது. உயரத்தில் காற்று மெலிவு, கேஸ் சரியாக எரியாது. 5500 அடிக்கு மேல் சுடர் அணையலாம், மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. பிரைஸ் கேன்யன் எட்டாயிரம் அடி. அங்கே பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பு கிடையாது. அதனால் வாசலுக்கு வெளியே மின் இணைப்பு உள்ள இடத்தில் தங்கினோம்.

பிரைஸில் கதை தலைகீழானது. பாலைவனத்தில் குளிராத ஃப்ரிட்ஜ் அங்கே உறையவைத்தது. விடிகாலை வெளியே குளிர் நடுக்கியது, உள்ளே தயிர் ஓரமெல்லாம் ஐஸ். பின்பக்கம் இருந்த வெள்ளரிக்காய் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. நல்லவேளை, இன்சுலின் இன்னும் ஐஸ் பெட்டியில்தான் இருந்தது. தம்பி எண்ணை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கினான். ஒன்றும் மாறவில்லை.

உள்ளே பின்சுவரில் அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். அதில் ஒரு தகட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் கிளிப், கிளிப்பிலிருந்து ஒரு மெல்லிய ஒயர். அதுதான் தெர்மிஸ்டர், சூட்டை அளக்கும் சென்சார். எங்கள் ஃப்ரிட்ஜில் அந்தக் கிளிப் தகட்டிலிருந்து கழன்று, பால் டப்பாவின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மலைப்பாதைக் குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும். தகடு உறைந்து கிடந்தாலும் காற்றில் தொங்கும் சென்சாருக்கு அது தெரியாது. இன்னும் குளிரவில்லை என்றே ஃப்ரிட்ஜைக் கட்டுப்படுத்தும் போர்டுக்குச் சொல்லும், ஃப்ரிட்ஜும் நிற்காமல் ஓடும். தகட்டில் படிந்திருந்த பனியைத் துடைத்துவிட்டுக் கிளிப்பை மாட்டினேன். எங்களுடைய மாடலில் கிளிப்பை மேலே நகர்த்தினால் குளிர் கூடும், கீழே இறக்கினால் குறையும். கீழ்ப்பாதியில் வைத்தேன். சென்சாரே பழுதா என்றும் பார்த்துவிடலாம். ஒரு டம்ளரில் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, அதைப் பத்து நிமிஷம் முக்கி வைத்து மல்டிமீட்டரில் அளந்தால் பல மாடல்களில் 7000 முதல் 10,000 ஓம் வரை காட்டும். தம்பியிடம் மீட்டர் இருந்தது, எங்களுடையது அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. மறுநாள் காலை ஃப்ரிட்ஜ் 38 ஃபாரன்ஹீட், அதாவது 3 செல்சியஸ். அதன் பிறகுதான் சித்தப்பாவின் மருந்து கதவுப் பக்கத்துத் தட்டுக்கு வந்தது, உறையும் தகடுகளிலிருந்து தள்ளி. “இப்பத்தாம்மா எனக்குப் பாறையெல்லாம் கண்ணுக்குத் தெரியுது” என்றார் அவர். அன்று பிரைஸின் விளிம்பில் நின்று கீழே கூட்டம் கூட்டமாக நின்ற கல்தூண்களை வெகுநேரம் பார்த்தார்.

89-ஆம் சாலையில் கானாப் வழியாகப் பேஜுக்கு இறங்கினோம். பவல் ஏரிக்கரையில் மறுபடி வெயில். அங்கே கேம்ப்புக்கே வந்து பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக் கிடைத்தார். பர்னர் மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. மேலே உள்ள புகைக்குழாயிலிருந்து துருச் செதில்கள் உதிர்ந்து பர்னரின் பிளவுகளை அடைத்திருந்தன. சுடர் மஞ்சளாக ஆடியது. துருவைத் தட்டி, ஊதி, கேஸ் வரும் நுண்துளையை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தார். அந்தத் துளைக்குள் கம்பியோ ஊசியோ விடவே கூடாது, துளை பெரிதானால் சுடர் கெட்டுவிடும் என்றார். ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலையாம் இது. சிலந்திகளும் அந்தக் குழாய்களில் விரும்பிக் கூடு கட்டும். மறுபடி பற்றவைத்தபோது சுடர் நீலமாக, அசையாமல், குழாய்க்குள் நேராக நின்றது. ஏரிக்கரை வெயிலில் கேஸிலேயே அன்றிரவு 40-க்குக் கீழே இறங்கியது. இந்த வேலையை வண்டியைக் கொடுத்தவர்கள் சீசனுக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சர்க்கரை நோயாளி ஒருவர் அந்தப் பெட்டியை நம்பித்தான் வண்டியில் ஏறுகிறார்.

புதிதாக வரும் ஆர்.வி.களில் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. சாய்ந்து நின்றாலும் அது குளிரும், சீக்கிரமும் குளிரும். பேட்டரிதான் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் வாடகை வண்டிகளில் தீயில் குளிரும் பழைய வகை இன்னும் நிறைய ஓடுகிறது. ஆகவே வண்டியைப் பதிவு செய்யும்போதே எந்த வகை என்று கேளுங்கள். பழைய வகை என்றால் முந்தின நாளே ஓட விடச் சொல்லுங்கள், பர்னரை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள், ஒரு ரசமட்டமும் ஒரு தெர்மாமீட்டரும் கையோடு எடுத்துப் போங்கள். வண்டியில் இன்சுலின் எடுக்கும் பெரியவர் இருந்தால், ஃப்ரிட்ஜ் ஓர் இரவு முழுக்க 40 ஃபாரன்ஹீட்டுக்குள், உறையாமல் நின்றதைக் கண்ணால் பார்க்கும்வரை மருந்தை ஐஸ் பெட்டியிலேயே வைத்திருங்கள்.